இளைஞரணி டு கேபினட்: ஒரு தலைவரின் பாதையைத் தேட மைநேதா மட்டும் போதுமா?

மாணவர் போராட்டத்தில் கைதாகி, இளைஞரணியில் பொறுப்பு வாங்கி, ஒன்றிரண்டு தேர்தலில் தோற்று, பிறகு ஜெயித்து, கடைசியில் அமைச்சரவைக்குள் போன ஒருவரின் அரசியல் வாழ்க்கையைச் சரிபார்க்க இந்தியாவில் காசு கொடுக்காமல் பயன்படுத்தக்கூடிய சேவைகள் நாலைந்து இருக்கின்றன. வேட்பாளர்கள் சொத்து, வழக்கு விவரங்களைச் சத்தியம் செய்து எழுதிக்கொடுக்கும் பிரமாணப் பத்திரங்களைத் தொகுத்துத் தரும் மைநேதா (ஏ.டி.ஆர். அமைப்பு நடத்துவது), தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளம், அதே ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள், நாடாளுமன்றத் தளத்தின் உறுப்பினர் குறிப்புகள், நாடாளுமன்றப் பணிகளைக் கண்காணிக்கும் பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் எம்.பி. பக்கங்கள். தேர்தல் நேரத்தில் எல்லோரும் மைநேதாவைத் திறந்து சொத்து எவ்வளவு, வழக்கு எத்தனை என்று இரண்டு எண்ணை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு அது நல்ல சேவைதான். ஆனால் ஒரு ஆள் எப்படி மேலே வந்தார் என்று கேட்டால் மைநேதாவுக்குப் பாதிக் கதைதான் தெரியும். சட்டம் கட்டாயப்படுத்தி எழுதி வாங்குவது மட்டுமே அங்கே இருக்கிறது. வேட்பாளராகும் முன்பு என்ன செய்தார், அமைச்சரான பிறகு என்ன செய்தார் என்ற இரண்டு முனையும் அதன் எல்லைக்கு வெளியே.

சோதனைக்கு மு.க. ஸ்டாலினின் பாதை வசதியானது. எல்லாப் படிகளும் அதில் இருக்கின்றன. 1976-ல் நெருக்கடி நிலையின்போது மிசாவில் சிறை, 1980-களின் தொடக்கத்திலிருந்து தி.மு.க. இளைஞரணிச் செயலாளர், 1984-ல் ஆயிரம் விளக்குத் தொகுதியில் தோல்வி, 1989-ல் அதே தொகுதியில் வெற்றி, 1991-ல் மறுபடியும் தோல்வி, 1996-ல் எம்.எல்.ஏ.வோடு சேர்த்து சென்னை மேயர், 2006-ல் உள்ளாட்சித் துறை அமைச்சர், 2009-ல் துணை முதல்வர், 2021-ல் முதல்வர். முதல் போட்டிக்கும் முதல் அமைச்சர் பதவிக்கும் இடையே 22 ஆண்டுகள். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சேவையிலும் தேடினால் எது எந்த இடத்தில் கைவிடுகிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

முதல் படியிலேயே எல்லாச் சேவையும் கைவிரிக்கும். தி.மு.க. இளைஞரணி 1980 ஜூலை 20-ம் தேதி மதுரை ஜான்சிராணி பூங்காவில் தொடங்கப்பட்டது. அங்கிருந்து ஒன்றியம், நகரம், மாவட்டம் என்று அமைப்பாளர், துணை அமைப்பாளர் பொறுப்புகளில் ஏறி வந்தவர்கள் ஏராளம். இந்த நியமனங்களுக்கு அரசுப் பதிவு எதுவும் கிடையாது. தலைமைக் கழக அறிவிப்பாகக் கட்சிப் பத்திரிகையில் வரும். தி.மு.க. என்றால் முரசொலி, அ.தி.மு.க. என்றால் நமது எம்.ஜி.ஆர்., பின்னாளில் நமது அம்மா, கம்யூனிஸ்ட் கட்சிகள் என்றால் ஜனசக்தி, தீக்கதிர். பழைய இதழ்களை நூலகத்தில் புரட்டினால்தான் உண்டு. மாணவர் பேரவைத் தேர்தல்களுக்கும் இதே நிலைதான். தில்லி பல்கலைக்கழகம் போன்ற பெரிய பேரவைகள் என்றால் செய்தித்தாளில் பெயர் வரும். அருண் ஜேட்லி 1974-ல் அங்கே தலைவரானது அப்படித்தான் பதிவானது. ஒரு மாவட்டத் தலைநகர் அரசுக் கல்லூரியின் பேரவைத் தலைவர் யார் என்பதற்கு கல்லூரி ஆண்டு மலரை விட்டால் வேறு சாட்சி அநேகமாக இல்லை. 'கல்லூரிக் காலத்திலேயே போராளி' என்று பிரசார நோட்டீஸில் வரும் வரியைச் சரிபார்க்க இணையத்தில் மெனக்கெட வேண்டாம். நேரம்தான் வீண்.

ஒரே ஒரு விதிவிலக்கு. தமிழ்நாட்டில் முக்கிய வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் அவருக்குப் பதிலாக நிற்க மாற்று வேட்பாளர் ஒருவரும் மனு போடுவார். பெரும்பாலும் மனைவியோ மகனோ. சில இடங்களில் நம்பிக்கைக்குரிய இளைஞரணி நிர்வாகி. முக்கிய மனு ஏற்கப்பட்டதும் இவர் மனு தள்ளுபடியாகும், அல்லது வாபஸ் ஆகும். ஆனால் பிரமாணப் பத்திரம் ஆணையத்தின் தளத்தில் அப்படியே இருக்கும். பின்னாளில் பெரிய ஆளாகப்போகிறவரின் முதல் பிரமாணப் பத்திரம் இந்த வரிசையில் கிடைக்க வாய்ப்பு உண்டு. மைநேதா கவனம் செலுத்துவது களத்தில் நின்ற வேட்பாளர்கள் மீது. அதனால் இதற்கு ஆணையத்தின் தளத்துக்கே போக வேண்டும். அங்கே நிலை என்ற வடிகட்டியில் 'போட்டியிடுபவர்' என்பதை எடுத்துவிட்டு 'நிராகரிக்கப்பட்டது', 'திரும்பப் பெறப்பட்டது' இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

அடுத்து, தோல்விகள். நாடாளுமன்றத் தளத்தில் இருக்கும் உறுப்பினர் குறிப்பு உறுப்பினரே எழுதிக்கொடுக்கும் தகவலை வைத்துத் தயாராவது. வகித்த பதவிகள் வருடவாரியாக அழகாக இருக்கும். தோற்ற தேர்தல்கள் இருக்காது. மம்தா பானர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் மாணவர் அமைப்பிலிருந்து வந்தவர், 1984-ல் ஜாதவ்பூரில் சோம்நாத் சாட்டர்ஜியைத் தோற்கடித்து எம்.பி. ஆனவர், 1991-ல் தெற்கு கல்கத்தாவிலிருந்து மீண்டும் எம்.பி. பதவிப் பட்டியலை மட்டும் பார்த்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், காரணம் தெரியாது. 1989-ல் ஜாதவ்பூரில் தோற்றார் என்பதைத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையில்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் புள்ளிவிவர அறிக்கைகள்தான் மொத்தக் கூட்டத்தில் ஆகப் பழமையானவை, ஆக நம்பகமானவை. 1951–52 முதல் பொதுத்தேர்தலிலிருந்து ஒவ்வொரு மக்களவை, சட்டமன்றத் தேர்தலுக்கும் பி.டி.எஃப். உண்டு. தொகுதிவாரியாக எல்லா வேட்பாளர் பெயர், கட்சிச் சுருக்கம், வாங்கிய ஓட்டு, சதவீதம் இருக்கும். குறை என்னவென்றால் ஆளை அடையாளம் காண்பது. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். இனிஷியல் ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால். அப்பா பெயர் கிடையாது. பழைய அறிக்கைகளில் சொல்லைத் தேடினால் பி.டி.எஃப். பதில் சொல்லாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் நடத்தும் லோக் டாபா இந்தத் தலைவலியைக் குறைக்கிறது. ஆணையத்தின் அறிக்கைகளை அட்டவணையாக்கி, ஒரே ஆள் வெவ்வேறு தேர்தலில் நின்றதை இணைத்து அடையாள எண் கொடுத்திருக்கிறார்கள். கட்சி மாறியவர்களைப் பின்தொடர இதைவிட வசதி வேறில்லை. தரவை இறக்கி ஸ்ப்ரெட்ஷீட்டில் வடிகட்டத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டாலின் பட்டியலில் இருந்த மேயர் பதவி எங்கே போயிற்று? எங்கும் இல்லை. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அது வேறு அமைப்பு, வேறு தளம். 1996-ல் சென்னை மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2001-லும் அப்படித்தான். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் அறிக்கைகளில் இதன் சுவடே இருக்காது. பேரூராட்சி உறுப்பினர், ஒன்றியக் குழுத் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர் என்று கீழிருந்து வந்தவர்களின் பாதையில் அடித்தளமே இந்தத் தேர்தல்கள்தான். மாநில ஆணையத்தின் தளத்தில் அண்மைத் தேர்தல் முடிவுகளைப் பார்க்கலாம். பழையவற்றுக்கு அரசிதழ்தான் கதி. இந்த ஓட்டையை எந்தச் சேவையும் அடைக்கவில்லை என்பது பெரிய குறை. உள்ளூர் அரசியலில் இருந்து வந்த அமைச்சர் திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர் போலத் தெரிவார்.

இனி மைநேதா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதிகம் பயன்படுவதும் அதுதான், அதிகம் தப்பாகப் படிக்கப்படுவதும் அதுதான்.

ஏ.டி.ஆர். 1999-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் தொடங்கிய அமைப்பு. அவர்கள் போட்ட வழக்கில் 2002 மே 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் வேட்பாளர்கள் வழக்கு, சொத்து, கடன், கல்வி விவரம் தர வேண்டும் என்றது. நாடாளுமன்றம் அதை நீர்த்துப்போகச் செய்யச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2003 மார்ச் 13-ல் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. அதனால் 2003-க்கு முந்தைய சொத்துக் கணக்கை இங்கே தேடுவதில் அர்த்தமில்லை. ஸ்டாலினின் 1984, 1989, 1991, 1996 தேர்தல்களுக்குப் பிரமாணப் பத்திரமே கிடையாது. 'அரசியலுக்கு வந்தபோது இவ்வளவு, இப்போது இவ்வளவு' என்று சமூக ஊடகத்தில் ஓடும் படங்களில் முதல் எண்ணுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் மூத்த தலைவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் பதில் இருக்காது.

வேட்பாளர் பக்கத்தைத் திறந்ததும் நேராக வலதுபுறம் அல்லது கீழே 'மற்ற தேர்தல்கள்' என்ற சின்ன அட்டவணையைப் பாருங்கள். அவர் நின்ற தேர்தல்கள், ஒவ்வொன்றிலும் காட்டிய சொத்து, வழக்கு எண்ணிக்கை ஒரே இடத்தில் இருக்கும். பாதையைத் தேடுபவருக்கு மைநேதாவில் ஆகப் பயனுள்ள பகுதி இதுதான். இந்த இணைப்பு சில நேரம் விட்டுப்போகும். தொகுதி மாறினாலோ பெயரின் எழுத்துக்கூட்டல் மாறினாலோ பழைய பக்கம் தனித்தீவாக நிற்கும். அதனால் தேர்தல்வாரியாக, தொகுதிவாரியாக உள்ளே போய் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான் தேட வேண்டும். இனிஷியல் இல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால் அதிகம் கிடைக்கும்.

அதிகம் கிடைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில், அதே இனிஷியலில் வேறு சிலரும் நின்றார்கள். வாக்காளரைக் குழப்ப வந்த உத்தி, தேடுபவரையும் சேர்த்துக் குழப்புகிறது. கட்சி என்ற இடத்தில் எல்லோருக்கும் சுயேச்சை என்றே இருக்கும். வயது, அப்பா பெயர், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் தொகுதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால்தான் சரியான ஆள். அப்பா பெயர் மைநேதா பக்கத்தின் மேலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை.

சொத்துத் தொகைக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் '~1 கோடி+' என்பது போல ஒரு சுருக்கம் வரும். அது முழுமையாக்கல் அல்ல, பின்னால் இருப்பதை வெட்டிவிடுவது. 1 கோடியே 5 லட்சமும் 1 கோடியே 98 லட்சமும் ஒரே மாதிரி '1 கோடி+' என்றுதான் தெரியும். செய்தியில் 'ஒரு கோடி சொத்து' என்று எழுதிவிடுகிறார்கள். முழு எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அசையும் சொத்து அட்டவணையின் அடியில் இரண்டு மொத்தம் இருக்கும். ஒன்று பிரமாணப் பத்திரத்தில் வேட்பாளர் போட்ட கூட்டல், மற்றது மைநேதா தானே கூட்டியது. இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: வேட்பாளரின் கூட்டல் தப்பு, தட்டச்சு செய்தவர் ஒரு சைபரை விட்டது அல்லது சேர்த்தது, அல்லது கூட்டு வங்கிக் கணக்கு கணவர் பெயரிலும் மனைவி பெயரிலும் இரண்டு முறை ஏறியது. எது என்று தெரிய மூலப் பத்திரத்தின் ஸ்கேனைத் திறந்தே ஆக வேண்டும்.

இரண்டு தேர்தலுக்கு இடையே சொத்து எத்தனை மடங்கு பெருகியது என்ற கணக்கு இன்னும் வழுக்கலானது. ஒரு வேட்பாளரிடம் 500 கிராம் தங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராம் 2,000 ரூபாய் என்று போட்டால் 10 லட்சம். சில ஆண்டுகள் கழித்து கிராம் 4,500 என்று போட்டால் 22 லட்சத்து 50 ஆயிரம். ஒரு குண்டுமணி கூட வாங்காமலே இரண்டே கால் மடங்கு. நிலத்துக்கும் இதே கதை, அதிலும் ஒருமுறை வழிகாட்டி மதிப்பு, அடுத்தமுறை சந்தை மதிப்பு என்று போட்டால் வளர்ச்சி பூதாகரமாகத் தெரியும். ஒப்பிட வேண்டியது ரூபாயை அல்ல. தங்கம் எத்தனை கிராம், நிலம் எந்த சர்வே எண்ணில் எத்தனை ஏக்கர், வாங்கிய தேதி என்ன, பரம்பரைச் சொத்தா என்பதைத்தான். இவை பிரமாணப் பத்திரத்துக்கான படிவம் 26-ல் தனித்தனிப் பத்தியில் கேட்கப்படுகின்றன. புதிய சர்வே எண் வந்திருந்தால்தான் உண்மையில் புதிய சொத்து.

2018 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வருமான ஆதாரமும், 2019-லிருந்து வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போரின் ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கும், வெளிநாட்டுச் சொத்தும் படிவத்தில் சேர்ந்தன. 2016 பத்திரத்தையும் 2021 பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இரண்டாவதில் கூடுதலாக இருப்பது சில சமயம் படிவம் கூடுதலாகக் கேட்டதால் வந்தது. கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாமா? கூடாது. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. தேர்தல் அதிகாரி நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் மனு தள்ளுபடிதான். அதற்கு முந்தைய பத்திரங்களில் காலிக் கட்டமும் கோடும் நிறைய இருக்கும். அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இளைஞர் இயக்கத்திலிருந்து வந்தவர்களின் பக்கத்தில் மிகவும் தப்பாகப் படிக்கப்படுவது வழக்குப் பகுதி. சாலை மறியல், ரயில் மறியல், கொடும்பாவி எரிப்பு என்று வந்தவர் மீது வழக்கமாக விழும் பிரிவுகள் இவை: இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 188 (அரசு ஊழியர் உத்தரவை மீறுதல்), 341 (வழிமறித்தல்), கொஞ்சம் கைகலப்பு ஆனால் 147 (கலவரம்), 353 (அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்குதல்). தமிழ்நாட்டில் கூடவே குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் 7(1)(அ) ஒட்டிக்கொண்டு வரும். 2024 ஜூலை 1-க்குப் பிறகு பதிவான வழக்குகளில் எண்கள் மாறிவிட்டன. இ.த.ச.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 143-க்கு 189(2), 188-க்கு 223, 341-க்கு 126(2), 147-க்கு 191(2), 353-க்கு 132. இந்தக் கூட்டம் மட்டும் இருந்தால் அது போராட்ட வழக்கு என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். மோசடி, போலி ஆவணம், ஊழல் தடுப்புச் சட்டம், கொலை முயற்சி ஆகியவை வேறு ரகம். இரண்டையும் சேர்த்து 'பத்து வழக்கு உள்ளவர்' என்று சொல்வது அநியாயம். போராட்ட வழக்கு என்று சொல்லி எல்லாவற்றையும் ஒதுக்குவதும் அநியாயம். 353-க்குப் பக்கத்தில் 307 (கொலை முயற்சி) உட்கார்ந்திருந்தால் எஃப்.ஐ.ஆரைப் படிக்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

மைநேதா இதில் ஒரு குழப்பத்தைத் தானே உண்டாக்குகிறது. பக்கத்தின் மேலே வழக்கு எண்ணிக்கை இருக்கும். கீழே பிரிவுவாரியாக 'இந்தப் பிரிவில் இத்தனை குற்றச்சாட்டு' என்று இன்னொரு பட்டியல். ஒரே வழக்கில் ஐந்து பிரிவு இருந்தால் கீழே ஐந்து வரி வரும். கீழ்ப் பட்டியலைக் கூட்டி வழக்கு எண்ணிக்கை என்று மீம் போடுகிறார்கள். இன்னொன்று, 2018-ல் படிவம் மாறியபோது நிலுவையில் உள்ள எல்லா வழக்குகளையும் எஃப்.ஐ.ஆர். எண்ணோடு தர வேண்டும் என்றானது. அதற்கு முன்பு குற்றச்சாட்டு பதிவான அல்லது நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்த வழக்குகள்தான் முக்கியமாகக் கேட்கப்பட்டன. அதனால் 2016-ல் இரண்டு வழக்கு, 2021-ல் ஏழு என்றால் ஐந்து ஆண்டில் ஐந்து புதிய வழக்கு என்று பொருள் அல்ல. எஃப்.ஐ.ஆர். எண்ணிலேயே ஆண்டு இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கு குறைந்திருந்தால்? விடுதலையாகவும் இருக்கலாம், அரசு திரும்பப் பெற்றதாகவும் இருக்கலாம். ஆட்சி மாறியதும் போராட்ட வழக்குகள் திரும்பப் பெறப்படுவது வழக்கம்தான். ஆனால் எம்.பி., எம்.எல்.ஏ. மீதான வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் திரும்பப் பெறக் கூடாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மைநேதா இதைக் காட்டாது. நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண் கொடுத்துப் பார்க்க வேண்டும். தேர்தல் வழக்குகளும் அப்படியே. 2011-ல் கொளத்தூரில் ஸ்டாலின் பெற்ற வெற்றியை எதிர்த்து அ.தி.மு.க.வின் சைதை துரைசாமி தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் 2017-ல்தான் தள்ளுபடியானது. அதற்குள் அடுத்த தேர்தலே முடிந்திருந்தது.

தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளம் மூல ஆவணத்துக்கு மட்டும். அங்கே உலாவுவது இன்பமான வேலை அல்ல. தேர்தல் வகை, தேர்தல், மாநிலம், கட்டம், தொகுதி என்று ஐந்து பெட்டிகளை வரிசைப்படி நிரப்ப வேண்டும். வரிசை மாறினால் பட்டியல் காலியாக வரும். கேப்ட்சா வேறு. ஒரு வேட்பாளர் ஒரு தொகுதியில் நான்கு மனு வரை போடலாம் என்பதால் ஒரே முகம் நான்கு முறை வரும். எல்லாவற்றையும் திறந்து கடைசித் தேதியிட்டதை எடுக்க வேண்டும், திருத்திய பத்திரம் அதில்தான் இருக்கும். பழைய தேர்தல்கள் தனி ஆவணக் காப்பகத்தில். கையெழுத்தில் நிரப்பி, மங்கலாக ஸ்கேன் செய்த பத்திரம் என்றால் பகுதி 'ஆ'விலிருந்து ஆரம்பியுங்கள். அது சுருக்கம், பெரும்பாலும் எண்கள் தெளிவாக இருக்கும். பிறகு பகுதி 'அ'வுக்குப் போய் விவரத்தைப் பொருத்தலாம்.

பத்திரத்தில் இருப்பது சத்தியப்பிரமாணம். ஆணையம் அதைச் சரிபார்த்துச் சான்று கொடுப்பதில்லை. பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125-ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். கேட்கக் கடுமையாக இருந்தாலும் யாராவது நீதிமன்றம் போனால்தான் அது நகரும்.

பி.ஆர்.எஸ்., 2005-ல் தொடங்கியது, எம்.பி.க்களின் வருகை, விவாதம், கேள்வி, தனிநபர் மசோதா ஆகியவற்றை மாநில, தேசிய சராசரியோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. இளம் எம்.பி. ஒருவர் அவையில் எப்படி வேலை செய்கிறார் என்று அறிய இதற்கு நிகர் இல்லை. வடிவமைப்பும் சுத்தம், தரவை இறக்கவும் முடியும். சிக்கல் என்னவென்றால் அமைச்சரான அன்றோடு அந்தப் பக்கம் மௌனமாகிவிடும். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட மாட்டார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள், பதில் சொல்பவர்கள் அவர்களே. பா.ஜ.க. இளைஞர் அணியின் தேசியத் தலைவராக இருந்த ஜி. கிஷன் ரெட்டி 2019-ல் முதல் முறையாக எம்.பி. ஆன கையோடு உள்துறை இணை அமைச்சரானார், 2021 ஜூலையில் கேபினட் அமைச்சர். அவருக்கு அங்கே எண் தேடினால் கிடைக்காது. சோம்பேறி என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் அமைச்சர் பெயரைப் போட்டு 'ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை' என்று சுற்றுக்கு வரும் பதிவுகள் இந்த அடிப்படை தெரியாமல் எழுதப்பட்டவை. அமைச்சரின் வேலையைப் பார்க்க நாடாளுமன்றத் தளத்தின் கேள்வித் தேடலில் ஆள் பெயரை விட்டுவிட்டு, அமைச்சகத்தையும் அவர் பொறுப்பில் இருந்த தேதிகளையும் கொடுக்க வேண்டும். பதில் பி.டி.எஃப். ஒவ்வொன்றின் தலைப்பிலும் பதிலளித்த அமைச்சரின் பெயர் இருக்கும்.

எம்.எல்.ஏ.க்களுக்கு பி.ஆர்.எஸ். இந்த ஆழத்தில் உதவாது. தமிழ்நாட்டு அமைச்சர் என்றால் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளோடு, மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை எடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் அரசுத் தளத்தில் இருக்கிறது. அட்டையில் அமைச்சர் பெயர், உள்ளே திட்டவாரியாக ஒதுக்கீடு. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டால் போன வருடம் அறிவித்தது இந்த வருடம் என்ன ஆனது என்று தெரியும். சத்தமில்லாமல் காணாமல் போன அறிவிப்புகளும் அகப்படும். அமைச்சரை மதிப்பிட இதைவிட நல்ல ஆவணம் கிடையாது, இதைவிடக் குறைவாகப் படிக்கப்படும் ஆவணமும் கிடையாது.

'அமைச்சர்' என்று பொதுவாக எழுதியிருந்தால் எந்த அடுக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்றிய அரசில் கேபினட் அமைச்சர், தனிப் பொறுப்புள்ள இணை அமைச்சர், இணை அமைச்சர் என்று மூன்று. மம்தா 1991-ல் இணை அமைச்சர், கேபினட் அந்தஸ்தோடு ரயில்வே வந்தது 1999-ல். விக்கிபீடியா பட்டியல்கள் இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிடுவதுண்டு. தமிழ்நாட்டில் இணை அமைச்சர் வழக்கம் இல்லை என்பதால் இந்தச் சிக்கல் இங்கே இல்லை. இன்னொன்று, அமைச்சராகும்போது அவை உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, ஆறு மாதத்துக்குள் ஆனால் போதும். எல். முருகன் 2021 ஜூலையில் இணை அமைச்சரானார், மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனது அதே ஆண்டு செப்டம்பரில். பதவியேற்ற தேதிக்கு முந்தைய பிரமாணப் பத்திரம் என்றால் அதே ஆண்டு அவர் தாராபுரம் சட்டமன்றத் தொகுதியில் நின்று தோற்றபோது கொடுத்தது. எம்.பி. ஆனபோது கொடுத்ததை மாநிலங்களவை வேட்புமனுவில் பார்க்க வேண்டும்.

துறை மாற்றத் தேதிகளுக்கு ஒன்றியத்தில் குடியரசுத் தலைவர் மாளிகை அறிக்கை, மாநிலத்தில் ஆளுநர் மாளிகை செய்திக்குறிப்பும் அரசிதழும். உதயநிதி ஸ்டாலின் 2019 ஜூலையில் இளைஞரணிச் செயலாளர், 2021 மே மாதம் எம்.எல்.ஏ., 2022 டிசம்பர் 14-ல் அமைச்சர், 2024 செப்டம்பரில் துணை முதல்வர். இவ்வளவு நெருக்கமான தேதிகள் உள்ள பாதையில் ஒரு திட்டத்துக்கு யார் பொறுப்பு என்று சொல்ல மாதம் மட்டும் போதாது, அரசாணைத் தேதியோடு பொருத்த வேண்டும். இடம் எவ்வளவு குறைவு என்பதையும் கணக்கில் எடுங்கள். 2003-ன் 91-வது திருத்தப்படி அமைச்சரவை அவை பலத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 234 பேர் உள்ள தமிழ்நாட்டில் முதல்வரையும் சேர்த்து 35.

புதிதாகத் தொடங்குபவர் லோக் டாபாவில் எல்லாத் தேர்தல்களையும் எடுத்து ஒரு காலவரிசை போட்டுக்கொண்டு, 2003-க்குப் பிந்தையவற்றுக்கு மைநேதா, சந்தேகம் வந்த எண்ணுக்கு ஆணையத்தின் ஸ்கேன், எம்.பி. காலத்துக்கு பி.ஆர்.எஸ்., அமைச்சர் காலத்துக்குக் கொள்கை விளக்கக் குறிப்பு அல்லது அமைச்சகக் கேள்விகள் என்ற வரிசையில் போனால் ஒரு நாளில் நல்ல அளவுக்கு முடியும். உள்ளாட்சியும் இளைஞரணியும் நூலக வேலை, தனி நாள். எதை எடுத்தாலும் அந்த இடத்திலேயே பி.டி.எஃபை இறக்கி, கோப்புப் பெயரில் தேர்தல் ஆண்டும் தொகுதியும் போட்டுச் சேமியுங்கள். ஆணையம் தளத்தை மாற்றும்போது பழைய இணைப்புகள் செத்துப்போகின்றன. மைநேதாவில் தட்டச்சுப் பிழை கண்டால் பத்திரத்தின் பக்க எண்ணோடு அவர்களுக்கு எழுதுங்கள். வெறுமனே 'தப்பு' என்று எழுதினால் அவர்கள் முழுப் பத்திரத்தையும் முதலிலிருந்து புரட்ட வேண்டியிருக்கும்.